மரணப் படுக்கையின் பாக்கி: இரு சட்டங்கள்

இறந்தவர் வைத்துவிட்டுப் போன மருத்துவமனை பாக்கியை யார் தீர்ப்பது? இந்தியச் சட்டமும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சட்டமும் முதலில் ஒரே பதிலைச் சொல்கின்றன: கடன் சொத்தைப் பற்றும், பிள்ளையின் சம்பளத்தைப் பற்றாது. இங்கே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, வாரிசின் பொறுப்பைக் கைக்கு வந்த சொத்தின் அளவோடு நிறுத்துகிறது. அங்கேயும் சொத்து தீர்ந்தால் பொதுவாகக் கணக்கு முடிந்தது.

சொத்திலிருந்து யாருக்கு முதலில் கொடுப்பது என்பதிலும் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், ஈமச்செலவோடு மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட மரணப் படுக்கைச் செலவையும் மற்றக் கடன்களுக்கு முன்னே வைக்கிறது; வீட்டு வேலையாளின் மூன்று மாதக் கூலி சற்றே பின்னால் வருகிறது. பென்சில்வேனியா அடக்கச் செலவையும் கடைசி ஆறு மாத வைத்தியச் செலவையும் வேலையாளின் கூலியையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. படுத்தவரைப் பார்த்துக்கொண்ட கைகளை இரண்டுமே மறக்கவில்லை.

இரண்டும் வழிபிரிவது 2005இல். தந்தையின் கடனை மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் அறக்கடமையாகத் தீர்க்க வேண்டும் என்ற பழைய இந்து சட்டக் கோட்பாட்டை, புதிய கடன்களைப் பொறுத்தவரை, இந்தியா அவ்வாண்டு கைவிட்டது. அதே ஆண்டில் பென்சில்வேனியா, வறிய பெற்றோரைப் பிள்ளை தாங்க வேண்டும் என்ற தன் சட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டது. அதன் வேர் 1601ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தில் இருக்கிறது. 2012இல் அங்கே ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் ஒரு தாயின் பராமரிப்பு இல்லக் கட்டணம், சுமார் 93,000 டாலர், மகன் தலையில் விழுந்தது. தாய் அப்போது இறந்திருக்கவில்லை. ஆயினும் மகனின் பைக்குப் போகும் வழி திறந்தே இருப்பதை அத்தீர்ப்பு காட்டியது.

நோக்கத்தில் இரண்டும் வேறு. இந்து சட்டம் கவலைப்பட்டது தந்தையின் மறுமைக்காக. பென்சில்வேனியா கவலைப்படுவது அரசின் கருவூலத்துக்காக. ஆனால் விதிவிலக்கில் மறுபடி சந்திக்கின்றன. சூதாட்டம் போன்ற ஒழுக்கக்கேட்டுக்குத் தந்தை வாங்கிய கடன் மகனைக் கட்டாது என்றது இந்து சட்டம். சிறுவயதில் பத்தாண்டு கைவிட்டுப் போன பெற்றோரைப் பிள்ளை தாங்க வேண்டியதில்லை என்கிறது பென்சில்வேனியா. பிள்ளையின் கடமையை எடைபோடுமுன் பெற்றோரின் நடத்தையையும் தராசில் வைத்தன இரண்டும்.

இத்தனை நுட்பத்தையும் ஒரு கையெழுத்து அழித்துவிடக்கூடும். அனுமதிப் படிவத்தில் ‘கட்டணத்துக்கு நான் பொறுப்பு’ என்று ஒப்பமிட்டவருக்கு அது தந்தையின் கடன் அன்று, தன் கடன். படிவத்தை நீட்டும்போது, ஒப்பமிடுவது உறவினராகவா, ஜாமீன்தாரராகவா என்று படித்துப் பாருங்கள்.