குலுக்கல் என்கிற வில்லன்

1977 ஜனவரி. ஆப்பிரிக்காவின் டெனெரே பாலைவனம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல். நடுவே தன்னந்தனியாக ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு யமஹா மோட்டார் சைக்கிளோடு! பெயர், தியெரி சபீன். அபிஜானிலிருந்து பிரான்ஸின் நீஸ் நகருக்கு நடந்த பந்தயத்தில் வந்தவர், வழி தவறிவிட்டார். வண்டி இருக்கிறது. ஓட்டவும் தெரியும். எந்தப் பக்கம் ஓட்டுவது? அதுதான் தெரியவில்லை. கடைசியில் விமானத்தில் தேடிவந்தவர்கள் கண்ணில் பட்டதால் உயிர் பிழைத்தார்.

நாமாக இருந்தால் அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு போட்டிருப்போம். மனிதர் அசரவில்லை! அதே பாலைவனத்தை மற்றவர்களுக்கும் காட்டணும் என்று ஒரு பந்தயமே ஆரம்பித்துவிட்டார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸில் கிளம்பியது, முதல் பாரிஸ்-டக்கார் ராலி.

அந்தப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு யார் வழிகாட்டி? ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு உருளைகள். அதில் சுற்றிவைத்த நீளமான காகிதம். 'இத்தனையாவது கிலோமீட்டரில் இடது பக்கம் திரும்பு, பள்ளம் ஜாக்கிரதை' என்று படம் போட்டிருக்கும். போகப் போக உருட்டிக்கொள்ள வேண்டியதுதான். கூடவே தூரம் காட்டும் மீட்டரும் ஒரு திசைகாட்டியும். திசைகாட்டியை வண்டியில் வைத்தாலோ, முள் தாண்டவம் ஆடும். இரும்பும் மின்சாரமும் ஒரு பக்கம் இழுக்க, இன்ஜின் இன்னொரு பக்கம் குலுக்க... நம்பிப் பார்க்கணும் என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, நாலடி தள்ளிப் போய்ப் பார்க்கணும்!

சின்னக் கணக்கு ஒன்று போடலாமா? ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 சுற்று. சுற்றுக்கு ஓர் உதறல் என்றாலும், ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 உதறல்! அத்தனையும் ஹேண்டில்பார் வழியாக மேலே ஏறும். அங்கே மாட்டிய கருவியின் கதி?

இது மோட்டார் சைக்கிளோடு பிறந்த வியாதி இல்லை. கப்பல்காரர்கள் முதலிலேயே பட்ட பாடுதான். 1707-ல் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க வழி சொன்னால் 20,000 பவுண்டு வரை பரிசு என்று 1714-ல் அறிவித்தது பிரிட்டிஷ் பாராளுமன்றம். அதற்கு ஒழுங்காக ஓடும் கடிகாரம் இருந்தால் போதும். நிலத்தில் நன்றாக ஓடிய ஊசல் கடிகாரம், ஆடுகிற கப்பலில் சொதப்பியது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் வருஷக்கணக்கில் போராடி, ஊசலே இல்லாத ஒரு பெரிய கைக்கடிகாரம் போன்ற கருவியைச் செய்தார். 1761-ல் அது ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறியது. 81 நாட்களில், வழக்கமாகப் பிந்தும் அளவைக் கழித்துப் பார்த்தால், 5 நொடிதான் தப்பு! ஆட்டத்தை ஜெயித்த பிறகுதான் வழி தெரிந்தது.

திரும்ப மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். 1992-ல் சபீனின் ராலிக்குள் ஜி.பி.எஸ். நுழைந்தது. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நிறுத்தியது. 100 மீட்டர் வரை தப்பு காட்டிய கருவிகள் சுமார் 20 மீட்டருக்குள் காட்ட ஆரம்பித்தன.

வானத்துப் பிரச்னை தீர்ந்தது. ஹேண்டில்பார் பிரச்னை? காருக்கென்று செய்த கருவியை இங்கே மாட்டினால் மழை புகும். கையுறை போட்ட விரலுக்குத் திரை மசியாது. சார்ஜ் ஏற்றும் முனைகள் உரசி உரசித் தேயும். ஸ்க்ரூ தானாகக் கழலும். 2006-ல் வந்த கார்மினின் 'ஸூமோ 550' இதையெல்லாம் யோசித்தது. தண்ணீர் புகாத கூடு, கையுறையோடு அழுத்தலாம், பட்டன்கள் இடது பக்கம். வலது கைக்கு ஆக்ஸிலரேட்டர் வேலை இருக்கிறதே! சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியாத பூட்டு ஸ்க்ரூவும் உண்டு. இன்னொரு பக்கம், ரப்பர் பூசிய குண்டை உலோகக் கை கவ்விப் பிடிக்கும் 'ராம்' மவுண்ட்டுகள் பிரபலமாயின.

பிறகு செல்போன் வந்தது. தனிக் கருவி எதற்கு என்று எல்லோரும் போனையே மாட்டினார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது: சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் குலுக்கல், ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும்! வேடிக்கை என்ன தெரியுமா? கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க, லென்ஸை அசைத்துச் சரிசெய்யும் நுட்பம் உள்ளே இருக்கிறதே, அதற்குத்தான் ஆபத்து. மொபெட், ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வைத் தணிக்கும் மவுண்ட் போடுங்கள் என்றும் சொன்னது.

உங்கள் வண்டியிலும் போன் ஹோல்டர் இருக்கிறதா? நாளைக் காலை கிளம்பும் முன் அதை ஒரு தரம் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஸ்க்ரூ இறுக்கமா? நடுவே ரப்பர் இருக்கிறதா? போன் போனால் இன்னொன்று வாங்கலாம். விழப்போகும் போனைப் பிடிக்க ஒரு கையை எடுக்கிறீர்களே, அந்த ஒரு நொடிதான் பயம்.

சபீனைத் தேடிப் பாலைவனத்துக்கு விமானம் வந்தது. நம் பின்னால் வருவதோ, லாரி!