தெருவோரத்திலிருந்து குளிரூட்டிய கூடத்துக்கு

சிங்கப்பூருக்குத் தொழில் நிமித்தமாக வருவோர் பேரங்காடிகளில் காணும் உணவுக்கூடங்களின் வேர், தள்ளுவண்டியிலும் தோளில் தூக்கிய கூடைகளிலும் உணவு விற்ற தெருவோர வியாபாரிகளிடம் இருக்கிறது. சுகாதாரத்தைக் கருதி 1968-69இல் அவர்களைப் பதிவுசெய்த அரசு, 1971 முதல் குழாய்நீரும் வடிகாலும் கொண்ட உணவங்காடி நிலையங்களை, அதாவது பல கடைகளும் பொது மேசைகளும் ஒரே கூரையின்கீழ் அமைந்த கூடங்களைக் கட்டி, 1986க்குள் ஏறத்தாழ அனைவரையும் அங்கே இடம்மாற்றியது. இதே அமைப்பைத்தான் 1980களில் பேரங்காடிகள் குளிரூட்டித் தம் கட்டடங்களுக்குள் கொண்டுவந்தன.

எனினும், பால்தேநீரை இரு குவளைகளுக்கிடையே உயர்த்தி ஆற்றி நுரைக்க வைக்கும் ‘தே தாரிக்’கின் சுவை (மலாயில் தாரிக் என்றால் இழுத்தல்) தேக்கா சந்தை போன்ற உணவங்காடி நிலையத்தின் புழுக்கத்திலேயே கூடுதலாகப் பொருந்துகிறது; அங்கே காலி மேசையில் வைத்த ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலமே இருக்கைக்கு முன்பதிவு.