கொசஸ்தலை ஆற்றின் கணக்கு வழக்கு

திருப்பாச்சூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயில்தான். அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் பூண்டி ஏரி. அரசாங்கத்தில் ஒரு துறை போடும் திட்டம் இன்னொருவர் தலையில் எப்படி விடிகிறது என்பதற்கு இந்த வட்டாரத்தை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-ல் ஏரி திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. திருவிளம்பூதூரில் இருந்த பழைய ஊன்றீஸ்வரர் கோயிலின் இடம் தண்ணீருக்குள் போனது. பூண்டியில் புதிதாகக் கட்டி, 1968-ல் குடமுழுக்கு செய்தார்கள். நகரத்தின் தாகத்துக்குக் கிராமம் கொடுத்த முதல் விலை அது.

ஏரி மட்டும் போதவில்லை. 1960-களின் இறுதியில் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. சென்னைக்கும் மணலி தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் அதே நிலத்தடி நீரைத்தான் இறைத்தார்கள். 1990-ல் விவசாய பம்புசெட்டுகளுக்கு மின்சாரமும் முழுக்க இலவசமானது. குடிநீர், தொழில், மின்சாரம் என்று ஒவ்வொரு துறையும் தன் பேரேட்டில் சரியாகத்தான் எழுதியது. ஆனால் நிலத்தடி நீருக்கென்று யாருமே கணக்கு வைத்திருக்கவில்லை! விளைவு, மீஞ்சூர் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. 1987-ல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தபோது நிறைய கிணறுகள் உப்பாகியிருந்தன. பிறகு 2010-ல் அதே மீஞ்சூர் அருகே, காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. வேடிக்கைதான்.

ஒரே ஒரு முறை எல்லாத் துறையும் சேர்ந்து இழுத்தது உண்டு. கடும் வறட்சியில் 2003-ல் வந்த மழைநீர் சேகரிப்பு அவசரச் சட்டம். புதுக் கட்டடம், பழைய கட்டடம், அரசு அலுவலகம், மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, எதற்கும் விலக்கு இல்லை. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும். அப்போது அதைப் 'பருவநிலை மாற்றம்' என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் செய்தது அதுதான். தனி அலுவலகம் திறக்காமல், கட்டட அனுமதி என்ற பழைய காகிதத்திலேயே புது நிபந்தனையைச் சேர்த்தார்கள். அதனால்தான் சில மாதங்களில் ஊர் முழுக்கப் பரவியது. பராமரிப்பைச் சோதிக்க ஆள் இல்லாமல் பல குழாய்கள் பின்னாளில் அடைத்துப் போனது தனிக்கதை.

அதற்கு நேர் எதிரான காட்சி கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய்கண்டிகையில். அங்கே சிப்காட் தொழிற்பூங்கா வந்தபோது, மேய்ச்சல் நிலமும் ஏரிகளுக்கு நீர் தரும் காடும் போய்விடும் என்று ஊர் மக்கள் போராடினார்கள். பூங்கா வந்துவிட்டது. அதே தேர்வாய்கண்டிகை ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து, சென்னைக்காக 500 மில்லியன் கன அடி நீர்த்தேக்கம் 2020-ல் திறக்கப்பட்டது. ஒரே ஊரில் ஒரு துறை நீர்வரத்துக் காட்டை எடுக்கிறது, இன்னொரு துறை நீரைத் தேக்குகிறது. இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்திருந்தால் பூங்காவின் எல்லைக்கோடு கொஞ்சம் நகர்ந்திருக்குமோ என்னவோ.

அந்த மேசையைப் போடும் முயற்சிதான் 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம். மாநிலத்தில் முதலமைச்சர் தலைமையில் ஆட்சிமன்றக் குழு, மாவட்டத்தில் கலெக்டரே இயக்க இயக்குநர், வன அலுவலர் காலநிலை அலுவலர். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் வெள்ளத்தில் தவித்தது. பூண்டியில் திறந்துவிடும் உபரிநீர் கடலுக்குப் போகும் வழியும் அதுதான். பூண்டியின் மதகு ஒரு துறையிடம், ஆற்றோர வீட்டு மனைகளின் அனுமதி வேறொரு துறையிடம், ஊர் வாய்க்கால் தூர்வாருவது ஊராட்சியிடம். கலெக்டர் கூட்டும் கூட்டத்தில் இந்த மூவரும் உட்காருகிறார்களா, மனைக்கு அனுமதி கொடுக்கும் முன் அங்கே கேட்கிறார்களா என்பதைத்தான் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் விசாரிக்க வேண்டும்.