வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

தருமபுரி நகரில் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அதியமான் பெயர், பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அவ்வையார் பெயர். பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் ரசனை உள்ளவர். தகடூர் என்ற பழைய பெயரை மறந்துபோன ஊரில், மன்னனும் புலவரும் இப்படியாவது தினமும் ஆயிரம் பேர் வாயில் புழங்குகிறார்கள்.

இதனாலோ என்னவோ, நம் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா என்றால் நெல்லிக்கனி நாடகம் இல்லாமல் இருக்காது. ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம், ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிதான் சிம்மாசனம், யாரோ ஒருவர் பாட்டியின் வெள்ளைப் புடவையில் அவ்வை. நெல்லிக்காய் கிடைக்காத மாதத்தில் சின்ன எலுமிச்சங்காய் நெல்லிக்கனி ஆகிவிடும். 1981-ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அசோகன் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் நம் அதியமான் மரபினரே என்று அறிஞர்கள் சொல்ல அது பெரிய சான்றாயிற்று. சரித்திர வாத்தியாரான எனக்கு அந்த வருடம் வகுப்பில் தலைகால் புரியவில்லை. பையன்களோ, "அப்போ நிஜமாவே இருந்தவர்தானா சார்?" என்று கேட்டார்கள். அதுவரை அவர்களுக்கு அவர் அட்டைக் கிரீடம் வைத்த ஆள், அவ்வளவுதான்.

இங்கே சொல்ல வந்தது நகரப் பள்ளிகளைப் பற்றி அல்ல. ஊரை ஒட்டினாற்போல் இலக்கியம்பட்டி, அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி என்று இருக்கின்றனவே, அந்த மாதிரிப் பள்ளிகளைப் பற்றி. டவுன் என்றும் சொல்ல முடியாது, பட்டிக்காடு என்றும் தள்ள முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறி டவுனுக்குப் போய்விடுவார்கள். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் நான்கு மைல், ஐந்து மைல் நடந்து இங்கே வருவார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகளும் அதில் நிறைய. இப்படிப்பட்ட பள்ளியில் பாடம் தவிர மற்றவை எப்படி நடந்தன, எப்போது நின்றன என்பது எங்கும் எழுதப்படாத கதை. நான் மாணவனாக இருந்தது அறுபதுகளில். ஆசிரியனாக இருந்தது அதற்குப் பிறகு முப்பது சொச்சம் ஆண்டுகள். வேலை பார்த்த பள்ளிகளின் பெயர்கள் இங்கே வேண்டாம்.

பாடத்துக்கு வெளியே உள்ளதையும் கல்வி என்று நம் நாட்டில் அழுத்திச் சொன்னவர் ஒரு தமிழர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அவர் தலைமையில் 1952-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு அடுத்த ஆண்டே அறிக்கை கொடுத்துவிட்டது. மன்றம், சாரணர், என்.சி.சி., இளைஞர் செஞ்சிலுவை இவையெல்லாம் கல்வியின் பிரிக்க முடியாத அங்கம், எல்லா ஆசிரியர்களும் இவற்றுக்கென்று குறிப்பிட்ட நேரம் ஒதுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. "குறிப்பிட்ட நேரம்" என்ற அந்த இரண்டு வார்த்தைகளை நான் ரொம்பக் காலம் சாதாரணமாகத்தான் படித்தேன். அதில்தான் விஷயமே இருக்கிறது என்று போகப்போகத் தெரிந்தது.

அந்த நேரம் எங்கே ஒதுக்கப்பட்டது? வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில். இலக்கிய மன்றம்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது அந்தப் பீரியடில் எழுந்து நின்று கால் நடுங்கியிருப்பீர்கள். "அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, என்னைப் போன்ற மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்பது வரை தண்ணீர்பட்ட பாடு. அதற்கப்புறம்தான் தொண்டை அடைக்கும். ஒருவன் வரவேற்புரை, ஒருவன் போன வார அறிக்கை, இரண்டு பேர் பேச்சு, ஒருத்தி பாட்டு, ஒருவன் நன்றியுரை. யார் யார் என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். வரிசை எண்படி வருவதால் தப்பிக்க முடியாது. நன்றாகப் பேசுகிறவனுக்கு மட்டும் மேடை என்ற பேச்சே இல்லை. வீட்டில் தமிழ் பேசாத பையன், முறை வந்துவிட்டது என்பதற்காகவே மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பான். சிரிப்பார்கள். அடுத்த முறை வரும்போது சிரிப்பு குறையும். முதன்முதலாகத் தன் குரலை நாற்பது பேருக்கு முன்னால் கேட்டவர்கள் அங்கே எத்தனையோ பேர்.

சாரணர் இயக்கத்துக்கும் நம் மாநிலத்துக்கும் உள்ள உறவு பழையது. பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தில் தொடங்கிய இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். முதல் உலகப் போர் நடந்த காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார். சிதறிக் கிடந்த அமைப்புகள் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் உருவானது 1950 நவம்பர் 7-ல். எங்கள் பக்கம் சாரணர் என்றால் கழுத்தில் ஸ்கார்ப், கையில் கம்பு, கயிற்றில் விதவிதமாக முடிச்சு. தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கூப்பிடுவார்கள். சொந்த ஊரிலேயே பெரியவர்களை "இப்படிப் போங்க" என்று கைகாட்டி அனுப்புகிற அதிகாரம் பதிமூன்று வயதில் கிடைத்தால் எப்படியிருக்கும்?

என்.சி.சி. 1948-ல் பாராளுமன்றச் சட்டத்தால் வந்தது. அதன் நோக்கம் ஒழுங்கு, தலைமைப் பண்பு என்று நீளும். பையன்களைக் கேட்டால் பரேடு முடிந்து கொடுக்கும் டிபன் என்பார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மதிய உணவு காமராஜர் ஆட்சியில் 1956-ல் வந்தது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவு கொண்டுவந்து, 1984-ல் பத்தாம் வகுப்பு வரை நீட்டினார். இடைப்பட்ட காலத்தில் உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து மைல் நடந்து வந்த பையனின் மதியம் பெரும்பாலும் களி உருண்டை அல்லது பச்சைத் தண்ணீர். அவன் லெப்ட் ரைட் போட்டதற்கு டிபன் ஒரு காரணம் என்றால் அதில் என்ன தவறு!

1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் சொல்லியாக வேண்டும். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்நின்று நடத்தியவை. ஊர்க்காரர்கள் பெஞ்சு, கடிகாரம், மணி, சுற்றுச்சுவர், நிலம் என்று கையில் இருப்பதைப் பள்ளிக்குக் கொடுக்கும் விழா. அதில் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி கட்டாயம். பள்ளிக்கூடம் நம்முடையது என்ற எண்ணம் ஊருக்கு அப்படி வந்தது. தருமபுரி தனி மாவட்டமாகச் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல்தான். அதற்கு முன்பே பல பள்ளிகளில் ஊர்க்காரர் பெயர் பொறித்த பெஞ்சுகள் வந்துவிட்டன. சஞ்சயிகா என்ற சிறுசேமிப்பு வங்கி எழுபதுகளில் நன்றாக நடந்தது. மாணவனே காசாளன், மாணவனே கணக்கன். ஐந்து பைசா, பத்துப் பைசாவுக்குப் பாஸ்புத்தகம். கூட்டல் கழித்தலை நான் கற்றுத்தந்ததைவிட அது ஒழுங்காகக் கற்றுத்தந்தது.

இனி, இவை எப்போது மெலிந்தன? பலரும் "டி.வி. வந்தது, கெட்டது" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1978-ல் பிளஸ் ஒன் வந்தது. 1984-லிருந்து தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு. மதிப்பெண்ணில் அரை மார்க் பெரிதாகிவிட்டது. முதலில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கினார். அடுத்து ஒன்பதாம் வகுப்புக்கும் யாரோ கேட்டார்கள். கால அட்டவணையில் "மன்றம்" என்று எழுதியிருக்கும், வகுப்பில் திரிகோணமிதி நடக்கும். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலிடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மன்றம் ஒழிந்துவிடவில்லை. பள்ளி விட்ட பிறகு என்று தள்ளப்பட்டது. பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் பாதிப் பிள்ளைகளை அது வெளியே தள்ளிவிட்டது. நாலரைக்கு மணி அடித்தால் மலையோரக் கிராமத்துக்கு ஐந்து மணிக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் இரவு எட்டுக்கு. வீட்டில் ஆடு மாடு காத்திருக்கும். புளி உலுக்கும் நாளிலும் மாங்காய் இறங்கும் நாளிலும் பள்ளிக்கு வருவதே சந்தேகம், மாலையில் தங்குவதா? ஒரு பெண்ணின் தாய் பள்ளி வாசலில் நின்று என்னிடம் சொன்னது: "எங்க பொண்ணு நல்லாப் பேசறான்னு சொல்றீங்க, சந்தோசம் சார். ஆனா நாலரைக்கெல்லாம் அனுப்பிடுங்க. இருட்டறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும்." அதற்கு மேல் என்ன பேச முடியும்? அந்த வருடம் மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு அந்தப் பெண் போகவில்லை. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு இருந்த ஒரு பையன் போனான். அவனும் நல்ல பையன்தான்.

விளையாட்டிலும் அதே கதை. குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி என்று வட்ட அளவில், மாவட்ட அளவில் நடக்கும். சடுகுடுவில் எங்கள் பக்கத்துப் பையன்களை அடிக்க ஆள் கிடையாது. பயிற்சிக்கு நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது என்பதில்தான் அணி தேறும். பிற்பாடு வந்த இலவச பஸ் பாசும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுத்த சைக்கிளும் கொஞ்சம் நிலைமையை மாற்றின. சைக்கிள் வந்த வருடம் வாலிபால் அணியில் புது முகங்கள் தெரிந்ததை நானே பார்த்தேன். சர்க்காரில் யாரும் அதை விளையாட்டுத் திட்டம் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-ல் கல்லூரிகளில் தொடங்கி, எண்பதுகளில் மேல்நிலைப் பள்ளிக்கும் வந்தது. முகாம் என்று ஒரு கிராமத்தில் தங்கி வேலை செய்வார்கள். ரோடு போடுவதும் மரம் நடுவதும் கிராமத்துப் பையன்களுக்குப் புதிதல்ல. அதே வேலையைக் கூலியில்லாமல் பக்கத்து ஊரில் செய்கிறார்கள், அவ்வளவே. இருந்தும் இரவில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் எனக்கு அதில் முக்கியம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியாக நின்றது தருமபுரி மாவட்டம். பெண்கள் நிலை இன்னும் கீழே. இந்த நிலையில் மன்றமாவது நாடகமாவது, முதலில் பாஸ் பண்ணட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். பள்ளியை விட்டு நிற்கப்போகும் பையன் பெரும்பாலும் பள்ளியில் எதிலும் பெயர் இல்லாதவனாக இருப்பான். எஸ்.பி.எல். ஆக இருந்தவனோ, மணி அடிக்கும் பொறுப்பில் இருந்தவனோ, சஞ்சயிகா காசாளனோ சொல்லாமல் நின்றதில்லை. காலையில் தான் போகாவிட்டால் மணி அடிக்க ஆளில்லை என்று அவனுக்குத் தெரியும்.

சில ஆண்டுகளாகக் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2017-ல் பொதுத் தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2022-ல் கலைத்திருவிழா வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அறிவியலுக்கென்று வானவில் மன்றம். கலைத்திருவிழா முதலில் பள்ளி அளவில், பிறகு வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகிறது. பறை, சிலம்பம், நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. பள்ளி அளவில் நடப்பது வகுப்பு நேரத்தில். அங்கே எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வட்டாரத்துக்கு என்று வேன் ஏறும்போதுதான் பழைய தாயின் குரல் எனக்குக் கேட்கிறது.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய மன்ற அறிக்கை நோட்டுகளைத் தேடினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யார் பேசினார், என்ன தலைப்பு, எத்தனை பேர் வந்தார்கள் என்று மாணவர் கையெழுத்திலேயே எழுதிய நீள நோட்டுகள். மதிப்பெண் பதிவேடு பத்திரமாக இருக்கிறது. இவை எடைக்குப் போய்விட்டன. என்னிடம் இருப்பது ஒரே ஒரு நோட்டு, அதிலும் பாதிப் பக்கம் கரையான். உங்கள் வீட்டுப் பரணில் ஆண்டு விழா அழைப்பிதழோ, சாரணர் முகாம் போட்டோவோ, பள்ளி மலரோ இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். போட்டோவின் பின்பக்கம் வருடத்தையும், தெரிந்தவரை பெயர்களையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிகிறவர்களின் பெயரையும் சேர்த்து.