கண்டனம் மலிந்த கதை

பத்திரிகை அலுவலகத்தில் நான் இரவுக் கடமையில் இருந்த காலத்தில், நாட்டில் ஏதேனும் படுகொலை நிகழ்ந்தால் சிறிது நேரத்திலேயே தொலைநகல் இயந்திரம் இயங்கத் தொடங்கிவிடும். கட்சித் தலைவர்களும் சங்கச் செயலாளர்களும் சம்பவத்தை 'வன்மையாக'க் கண்டித்திருப்பார்கள். பெயரையும் திகதியையும் மாற்றினால் சென்ற மாத அறிக்கை இம்மாதத்துக்கும் பொருந்தும். அவற்றைத் திரட்டி, 'பல தரப்பினரும் கண்டனம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் இடுவது எங்கள் வழக்கம். தம் பெயர் விடுபட்டுவிட்டதென மறுநாட் காலை தொலைபேசியில் கோபித்தவர்களும் உண்டு.

இச்சொல் எக்காலமும் இவ்வளவு மலிவாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் கண்டனம் என்றால் மறுப்பு. எதிராளியின் நூலைக் கற்று, அவருடைய நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து அறுப்பதே கண்டனம் எனப்பட்டது. ஆறுமுக நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டபோது, பாதிரிமாரின் குற்றச்சாட்டுகளுக்கு அவர்களது வேதாகமத்தைக் கொண்டே விடையளித்தார். பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றியவர் என்பதால் அது அவருக்கு இயன்றது. அன்று ஒருவரைக் கண்டிப்பதற்குப் பல ஆண்டுப் படிப்பு வேண்டியிருந்தது.

அரசியலில் கண்டனத்துக்கு வேறொரு விலை கொடுத்தவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று அறிக்கை விடுவதோடு அவர் நின்றிருக்கலாம். அவரோ அதே ஆண்டு ஒக்டோபரில் தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மக்களிடம் மீண்டும் ஆணை கேட்கப்போவதாக அறிவித்தார். அரசாங்கம் இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. முடிவில் 16,000க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். யாப்பு மாறவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தக் கண்டனத்தை ஒரு பத்தியாகச் சுருக்கி உள்பக்கத்தில் இட்டுவிட எவராலும் முடியவில்லை.

ஆகவே தலைவர்கள் கண்டிக்கவே கூடாதென நான் சொல்லவில்லை. 1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தொடங்கிய வன்செயல்கள் பற்றி ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன நாட்டு மக்களுக்கு உரையாற்றியது 28ஆம் திகதிதான். தாக்கியவர்களைக் கண்டித்தோ, தாக்கப்பட்டவர்களுக்கு ஆறுதலாகவோ அவ்வுரையில் ஒரு சொல் இருக்கவில்லை. அந்த மௌனத்தின் பொருளைத் தமிழர்கள் நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாதிருப்பதும் ஒரு செயல்தான்.

பின்வந்த ஆட்சியாளர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை, கண்டிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2006 நவம்பர் 10இல் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொழும்பிற் சுடப்பட்டபோது அரசாங்கமும் கண்டித்தது. ஸ்கொட்லன்ட் யார்ட் அதிகாரிகளும் வரவழைக்கப்பட்டார்கள். 2016 டிசம்பரில், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஜூரிகளின் தீர்ப்பின்படி விடுவிக்கப்பட்டார்கள். 2009 ஜனவரி 8இல் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டபோதும் கண்டனங்களுக்குக் குறைவில்லை. தண்டிக்கப்பட்டவர் மட்டும் எவருமில்லை. கையில் ஒன்றுமில்லாத குடிமகன் கண்டிப்பது வேறு. பொலிசையும் படையையும் கையில் வைத்திருப்பவர் கண்டிப்பது வேறு. பின்னவரிடம் நாம் எதிர்பார்ப்பது விசாரணையை. கண்டனம் அதற்குப் பதிலாக நீட்டப்படும் கடதாசி.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1989 ஜூலை 13இல் அமிர்தலிங்கம் கொல்லப்பட்டார். 1999 ஜூலை 29இல் நீலன் திருச்செல்வம் கொல்லப்பட்டார். இரண்டையும் செய்தவர்கள் விடுதலைப் புலிகள். இத்தகைய கொலைகளுக்குத் தமிழ்த் தரப்பிலிருந்து என் மேசைக்கு வந்த அறிக்கைகள் பலவற்றில் கொலை கண்டிக்கப்பட்டிருந்தது, கொலையாளி இருக்கவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியங்கள் அவை. நாங்களும் அவற்றை அப்படியே அச்சிட்டோம். தெரிந்தவர்களையும் 'இனந்தெரியாதோர்' என்று எழுதினோம். உயிரச்சம் காரணம் என்பது மெய். அதனால் எழுதியது மெய்யாகிவிடாது. அந்தச் சொல்லைப் பலமுறை எழுதிய கை என்னுடையது.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் செய்தி ஆசிரியர் ஒருவர், வரும் கண்டன அறிக்கைகளின் அடியில் சிவப்பு மையால் 'பிறகு?' என்று எழுதி எம்மிடம் திருப்பித் தருவார். அறிக்கை விட்டவரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது அதன் பொருள். விடை கிடைத்தால் அது செய்தி. கிடைக்காவிட்டால் குப்பைக் கூடை. அவர் ஓய்வுபெற்ற பின்னர் அக்கேள்வியை நாங்கள் கைவிட்டுவிட்டோம். தலைவர்களின் கண்டனம் மலிந்ததில் எங்களுக்கும் பங்குண்டு.