பிழை யாருடையது? வாக்காளர் படிவமும் ஒடுக்கப்பட்டோரும்

வாக்காளர் பட்டியல் திருத்த முகாம்களில் படிவம் 8 நிரப்பிக் கொடுக்க உட்காரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ரேஷன் கார்டில் முனியம்மா, ஆதாரில் முனியம்மாள், வாக்காளர் அட்டையில் முனியாமாள். பிறந்த தேதி கேட்டால், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியைத்தான் சொல்வார்கள். படிக்காதவர்களுக்கு அதுவும் இல்லை. போன முறை ஒரு பாட்டி எங்களிடம் கேட்டார்: "எம்பேர நானாப்பா எழுதுனேன்? அவுங்க தப்பா எழுதுனதுக்கு நான் எதுக்கு அலையணும்?"

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. யாருடைய பிழை கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது, யாருடைய பிழை தண்டிக்கப்படுகிறது என்பதை எப்போதும் அதிகாரம்தான் முடிவு செய்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இதற்குப் பெரிய சாட்சி. 1946இல் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாத மக்களின் நிலைக்கும் அவர்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். அந்த ஒற்றுமையை ஒரு விண்ணப்பப் படிவத்தின் வழியாகவே பார்க்கலாம்.

லூசியானாவில் நடந்தது

நிறத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் 1870இலேயே சொல்லிவிட்டது. ஆகவே தென் மாநில வெள்ளையர்கள் நிறத்தைச் சொல்லாமல் தடுக்கும் வழிகளைத் தேடினார்கள். லூசியானா மாநிலம் 1898இல் புதிய அரசியலமைப்பு எழுதி, சொத்து அல்லது எழுத்தறிவு இருக்க வேண்டும் என்றது. அப்பாவோ தாத்தாவோ 1867க்கு முன் வாக்களித்திருந்தால் அந்த நிபந்தனை இல்லை என்றும் சேர்த்தது. 1867க்கு முன் அடிமைகளுக்கு ஏது வாக்கு? 1896இல் அந்த மாநிலத்தில் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். 1904இல் மிஞ்சியவர்கள் 1,342 பேர்.

பின்னாளில் படிவமே பொறியானது. லூசியானாவின் விண்ணப்பத்தில் வயதை வருடம், மாதம், நாள் என்று கணக்கிட்டு எழுத வேண்டும். கறுப்பினத்தவர் ஒரு நாள் கூட்டியோ குறைத்தோ எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடி. வெள்ளையர் தடுமாறினால் அலுவலரே உதவினார்.

இத்தனையையும் தாண்டிப் பட்டியலில் ஏறியவர்களையும் விடவில்லை. 1950களில் வெள்ளையர்களின் 'குடிமக்கள் மன்றங்கள்' பழைய பதிவு அட்டைகளைத் தோண்டி எடுத்து, பிழை இருக்கிறது என்று ஆட்சேபணை கொடுத்தன. வாஷிங்டன் பாரிஷ் என்ற ஒரே பகுதியில் இப்படி 1,377 கறுப்பின வாக்காளர்கள் நீக்கப்பட்டார்கள். அதே மாதிரிப் பிழைகள் வெள்ளையர்களின் அட்டைகளிலும் இருந்தன. அவற்றை யாரும் தேடவில்லை. எழுத்துப் பிழையைக் காரணம் காட்டிய ஓர் ஆட்சேபணையில், 'எழுத்துப் பிழை' என்ற சொல்லே ஆங்கிலத்தில் பிழையாக எழுதப்பட்டிருந்தது! பிழை செய்தவரின் ஆட்சேபணை ஏற்கப்பட்டது. பிழை செய்தவரின் வாக்கு பறிக்கப்பட்டது.

மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. அந்த 1,377 பேரையும் மீண்டும் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 1960 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தில் முக்கியமான ஒரு விதி வந்தது: ஒருவரின் தகுதியைத் தீர்மானிப்பதற்குத் தொடர்பில்லாத பிழையையோ விடுபடலையோ காரணம் காட்டி அவருடைய வாக்குரிமையை மறுக்கக் கூடாது. ஓர் எழுத்துப் பிழைக்காக நாட்டின் சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

கடையின் பின்னறையில் ஒரு பள்ளி

சட்டம் வரும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதியோருக்கான வகுப்பு தொடங்கியது. பின்னால் நின்றவர்கள் பேருந்து ஓட்டிய ஈசா ஜென்கின்ஸும், உரிமை அமைப்பிலிருந்து விலக மறுத்ததால் ஆசிரியர் வேலையை இழந்த செப்டிமா கிளார்க்கும். முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் அழகுக்கலைத் தொழில் செய்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. அவர் என்ன கற்க வேண்டும் என்று வந்தவர்களிடமே கேட்டார். பெயர் எழுத, பைபிள் படிக்க, படிவம் நிரப்ப என்றார்கள். இந்தக் 'குடியுரிமைப் பள்ளிகள்' பின்னர் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின. படிவம் நிரப்பக் கற்றுக்கொடுப்பது சின்ன வேலை என்று நினைக்கும் தோழர்கள் இந்த அறையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில்

1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்த அம்பேத்கர், வாக்குரிமைத் தகுதியைத் தாழ்த்த வேண்டும் என்று வாதாடினார். சொத்தும் வரியும் அளவுகோலானால் சேரி மக்கள் வெளியேதான் நிற்பார்கள் என்பதை அன்றே கண்டவர் அவர். 1935ஆம் ஆண்டுச் சட்டம்வரை அந்த அளவுகோல் தொடர்ந்தது. 1950இல் அரசியலமைப்பின் 326ஆவது உறுப்புதான் வயது வந்த எல்லோருக்கும் வாக்கைத் தந்தது.

ஆனால் முதல் பொதுத்தேர்தல் பட்டியலிலேயே சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற பகுதிகளில் அவர்கள் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று பதிவாகியிருந்தார்கள். பெண்ணுக்குத் தன் பெயர் இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் வலியுறுத்தியது சரிதான். ஆனால் பெயரைச் சொல்லவிடாத வீட்டுக்கும், கேட்காமல் எழுதியவருக்கும் தண்டனை இல்லை. வாக்கை இழந்தவர்கள் அந்தப் பெண்கள். நம் பாட்டியின் கேள்வி அங்கேயும் நிற்கிறது.

கையில் இருக்கும் ஆயுதங்கள்

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிழையைத் திருத்தவும் மேல்முறையீடு செய்யவும் வழி தந்திருக்கிறது. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரை நோட்டீஸ் தராமல், அவர் தரப்பைக் கேட்காமல் நீக்க முடியாது என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவற்றைத் தெரிந்துகொண்டு நாம் களத்துக்குப் போக வேண்டும்.

வரைவுப் பட்டியல் வந்ததும் காலனித் தெருக்களின் பக்கங்களை வீடு வீடாக வாசித்துச் சரிபாருங்கள். திருத்தத்துக்குப் படிவம் 8 கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். படிவம் 7இல் யாராவது ஆட்சேபணை கொடுத்திருந்தால் விசாரணைக்கு அவர்களோடு கூடப் போங்கள். தெரிந்தே பொய்யான உறுதிமொழி தருவது அந்தச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பெயர் நீக்கப்பட்டால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அட்டையில் சிறு எழுத்துப் பிழை இருந்தாலும் ஆள் அடையாளம் தெளிவாக இருந்தால் வாக்களிக்க விட வேண்டும் என்று ஆணையமே ஒவ்வொரு தேர்தலிலும் அறிவுறுத்துகிறது. வாக்குச்சாவடியில் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

அந்தப் பாட்டிக்குப் படிவம் 8 கொடுத்தோம். அடுத்த பட்டியலில் அவர் பெயர் சரியாக வந்திருந்தது. கணவர் பெயரில் ஓர் எழுத்து போயிருந்தது. மறுபடியும் படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம்.