நாடியும் நாழிகையும்



ஓட்டப் பயிற்சி செய்யும் ஒருவருடைய உடல் வலிமை வளர்கின்றதா, தேய்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? கடிகாரம் வேகத்தைக் கூறும். அவ்வேகத்துக்காக இருதயம் பட்ட பாட்டைக் கூறாது. நாடி அப்பாட்டைக் கூறும். கடந்த தூரத்தைக் கூறாது. இவ்விரு சாட்சிகளையும் ஒருங்கே விசாரிக்க மனிதன் கற்ற வரலாறு நீண்டது.

நாடி பார்த்தல் மிகப் பழைய கலை. ஆயினும், துடிப்பை எண்ணிக் கணக்கிட நுட்பமான கருவி வேண்டியிருந்தது. ஆங்கில வைத்தியர் ஜோன் புளோயர் ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரமொன்றைச் செய்வித்து, 1707ஆம் ஆண்டில் அதுபற்றி நூலும் வெளியிட்டார்.

1899ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வைத்தியர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரரின் மார்பை விரலால் தட்டிச் சோதித்து, அவர்தம் இருதயம் பெருத்திருக்கக் கண்டார். அத்தகைய இருதயம் கூடிய வேலை செய்ய வல்லது என்பது அவர் முடிவு. வேறு வைத்தியர் பலரோ அதனை நோயென்றே அஞ்சினர். கடும் ஓட்டம் மனிதனை வாழ்விக்குமா, மாய்க்குமா என்ற ஐயம் நெடுங்காலம் தீரவில்லை.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், பின்லாந்து வீரர் பாவோ நூர்மி கையில் கடிகாரத்துடன் ஓடி, 1,500 மீற்றர், 5,000 மீற்றர் ஆகிய இரு போட்டிகளையும் ஒரே நாளில் வென்றார். வேகத்தின் கணக்கு அவர் கையில் இருந்தது. இருதயத்தின் கணக்கு எவர் கையிலும் இல்லை.

அக்கணக்கைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர்கள் ஜேர்மனியப் பயிற்றுநர் கெர்ஷ்லரும் இருதய வைத்தியர் ரைண்டெலும் ஆவர். விரைந்தோடும் வீரரின் நாடி நிமிடத்துக்கு 180 வரை ஏறலாம். பின்னர், ஒன்றரை நிமிடத்துக்குள் அது 120 ஆக இறங்குதல் வேண்டும். இறங்காவிடின் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. பயிற்சியால் பெருத்த இருதயம் நோயன்று என்பதையும் ரைண்டெல் எக்ஸ்ரே படங்களின் துணைகொண்டு காட்டினார். கெர்ஷ்லரின் மாணவர் ருடோல்ப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அவ்வீரர் 1944இல் போர்முனையில் மடிந்தார். அவருடைய சாதனையோ 1955 வரை நிலைத்தது.

1982இல் கம்பித் தொடர்பின்றித் துடிப்பைக் கணிக்கும் மார்புப் பட்டிகள் பின்லாந்திலிருந்து விற்பனைக்கு வந்தன. அதன் பின், ஓடும்போதே இரு கணக்குகளையும் ஒருங்கே பார்த்தல் எளிதாயிற்று.

ஒருவர் கிலோமீற்றரை ஆறு நிமிடத்தில் ஓடும்போது நாடி 160 என்று கொள்வோம். சில மாதங்களின் பின் அதே பாதையில், அதே வேகத்தில் 150 ஆகுமாயின், ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் முன்னிலும் மிகுந்த இரத்தத்தைச் செலுத்துகின்றது எனலாம். ஆனால் கடும் வெயிலும் காய்ச்சலும் உறக்கக் குறைவும் நாடியை உயர்த்தும். ஆதலின் ஒத்த நாட்களையே ஒப்பிடுதல் வேண்டும்.

வேகம் ஆசையைத் தூண்டும். நாடி அளவைக் காட்டும். ஓய்ந்த பின்னும் நாடி இறங்க மறுக்குமாயின், அன்றைய ஓட்டத்தை அவ்வளவில் நிறுத்துதலே அறிவுடைமை.